ஷாமளாவின் கேக்

மலேசியாவின் ஜெராமில் வெயில் சாய்ந்தும் புழுக்கம் அடங்காத சமையலறையில், மகேந்திரன் இரண்டு கைகளையும் ஐஸ் தண்ணீர்ச் சட்டிக்குள் முக்கிக்கொண்டு நிற்கிறான். முப்பது வருஷமாகச் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற கை; அதன் சூட்டுக்கு, கேக்கில் பேர் எழுதப் பிழியும் பைக்குள் இருக்கும் கிரீம் இரண்டே நிமிஷத்தில் உருகிவிடுகிறது. கவிழ்த்துப் போட்ட சில்வர் தட்டின் முதுகில் காலையிலிருந்து அவன் எழுதுவதும், வழித்துப் பைக்குள் அடைப்பதும், மறுபடி எழுதுவதும் ஒரே பேரைத்தான். எதிரில் மனைவி ஷாமளா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் செய்து பேர் எழுதிக் கொடுக்கிறவள். ஓர் எழுத்து கோணினாலும் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதாமல் வெளியே அனுப்பமாட்டாள். இன்று அவளுக்கே பிறந்தநாள். கேக்கை அவள்தான் செய்தாள். பேரை நான்தான் எழுதுவேன் என்று இவன் பிடிவாதம். “பையோட கழுத்தை அப்படி நெரிக்காதீங்க லா, அது என்ன கோழியா?” என்கிறாள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக்கின் மேல் குனிகிறான். முதல் எழுத்து ஆனை மாதிரி விழுகிறது. அடுத்ததும் அதற்கு இளைத்ததில்லை. கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. அதன் துணைக்கால் விளிம்பைத் தாண்டி, கேக்கின் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அவன் முகம் தொங்கிவிடுகிறது. “சுரண்டுற தகட்டைக் கொடு. மறுபடி எழுதுறேன்.” ஷாமளா மேசையிலிருக்கும் தகட்டை எடுக்கிறாள். எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். “எங்க வெச்சேன்னு தெரியலையே,” என்கிறாள், வழுக்கி இறங்கிய அந்தத் துணைக்காலையே பார்த்தபடி.