ஈப்பனின் இரண்டாவது லைன்

"நாளைக்கு மத்தியானம் நெட் போச்சுன்னா என் மானமே போச்சு, சுமேஷே! ஒரு லைன் செத்தா இன்னொண்ணு தானா எழுந்து நிக்கணும். உன்னால முடியுமா, முடியாதா?"

நெட் வேலை பார்க்கும் சுமேஷிடம் ஈப்பன் கத்தியது கோட்டயத்தில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும். பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறவர். நாளை ஓர் அயர்லாந்துக் கல்லூரி வீடியோவில் நேர்காணல் செய்கிறது. தேறினால் ஜில்லா முழுக்க அவர் ஒருவர்தான் ஏஜென்ட். மூன்று மணிக்கு இவர். மூன்றரைக்கு எதிர் அறை மோளிக்குட்டி.

மோளிக்குட்டி வேறு யாருமில்லை, இவருடைய பழைய பங்குதாரர்தான். போர்டில் யார் பெயர் மேலே என்ற சண்டையில் பிரிந்து, அதே வராந்தாவில் எதிர்க் கதவைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் அந்தம்மாவைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்பது இவருக்கும், இவர் டீயோடு எத்தனை பழம்பொரி தின்றார் என்பது அந்தம்மாவுக்கும் அத்துப்படி.

"புது லைனுக்கு எழுதிக் கொடுத்தா வர பத்து நாளாகும், அச்சாயா. இந்தக் கட்டடத்துல மொபைல் நெட்டும் எடுக்காது."

"எங்கேருந்தாவது இழுத்துட்டு வாடா. எங்கேருந்துன்னு நான் கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா!"

சுமேஷ் அன்று முழுக்க ஏணியும் கையுமாகத் திரிந்தான். சாயங்காலம், அலமாரி மேலிருந்த ஃபயர்வால் பெட்டியைப் பெருமையாகத் தட்டினான்.

"இது சும்மா இருக்காது, அச்சாயா. நிமிஷத்துக்குப் பத்து தடவை வெளியே கூப்பிட்டுப் பாக்கும். பதில் வரலைன்னா உடனே அடுத்த லைனுக்குத் தாவிடும். இப்பப் பாருங்க."

முதல் ஒயரை உருவினான். கணினியில் ஓடிய படம் லேசாக விக்கியது. பிறகு அது பாட்டுக்கு ஓடியது.

"என் தங்கமே!" என்று ஈப்பன் அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

மறுநாள் அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தான் ஜெயித்தால் மட்டும் போதும் என்று நினைக்கிற ஜாதியா அவர்? மூன்று மணிக்குச் சற்று முன்னால், யாருமில்லாத நேரம் பார்த்து மாடிப்படிக்கு அடியிலிருந்த கேபிள் பெட்டியைத் திறந்தார். மோளிக்குட்டியின் பெயர் ஒட்டியிருந்த ஒயரைப் பிடுங்கினார். நல்ல பிள்ளைபோலப் படியேறினார்.

பாதிப் படியில் மோளிக்குட்டியே இறங்கி வந்தார்.

"என்ன மோளிக்குட்டி, பரீட்சை நாள்ல படியில என்ன வேலை?" சந்தோஷத்தில் ஈப்பனுக்குப் பகைகூட மறந்துவிட்டது.

"வண்டியில கண்ணாடிய விட்டுட்டேன். அச்சாயனுக்கு நல்லபடியா நடக்கட்டும். நான் ஜெபிச்சுக்கறேன்."

"நான் உனக்காக ஜெபிச்சுட்டுத்தான் வர்றேன்."

மூன்று மணிக்குத் திரையில் அயர்லாந்துக்காரர் வந்தார். ஈப்பன் தொண்டையைச் செருமித் தன் அருமை பெருமைகளைத் தொடங்கினார். மூன்றாவது பெருமையில், அயர்லாந்துக்காரர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஈப்பன் பதறவில்லை. ஃபயர்வாலைப் பார்த்துப் புன்னகைத்தார். பெட்டி கண் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. அயர்லாந்துக்காரர் வாயை மூடவே இல்லை. கடைசியில் திரையே வெளுத்துப்போனது.

"சுமேஷே!"

வெளியே உட்கார்ந்திருந்த சுமேஷ் ஓடிவந்து பெட்டியைக் குடைந்தான்.

"முதல் லைன் போயிடுச்சு, அச்சாயா. ரெண்டாவதும் செத்துக் கிடக்கு. ரெண்டும் ஒண்ணாப் போக வழியே இல்லையே!"

"எங்கேருந்துடா இழுத்தே அந்த ரெண்டாவதை?"

"கேக்க மாட்டேன்னு சத்தியம்..."

"மாதா மன்னிச்சுக்குவா. சொல்லுடா!"

"எதிர் ரூம்லேருந்து. மோளிக்குட்டி சேச்சியோட லைன்தான்."

ஈப்பனின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தன் கையாலேயே பிடுங்கிவிட்டு வந்ததை யாரிடம் சொல்லி அழுவது?

"கோவிச்சுக்காதீங்க, அச்சாயா. சேச்சியும் ரெண்டாவது லைன் கேட்டாங்க. அவங்களுக்கு உங்க லைனைத்தான் இழுத்து விட்டிருக்கேன். ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு நினைச்சேன்."

அப்போது சுமேஷின் போன் அடித்தது. இரண்டு கையிலும் ஒயர் இருந்ததால், ஸ்பீக்கரை முழங்கையால் அழுத்தினான்.

"சுமேஷே," என்று மோளிக்குட்டியின் குரல் ரகசியமாகப் பதறியது, "நான் பிடுங்கினது ஈப்பச்சாயனோட ஒயரைத்தானே, என் ஆபீஸ்ல ஏன்டா நெட் போச்சு?"