வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர்

"இது தானா கழன்றது இல்லடி. கையால கழட்டியிருக்கு" என்றாள் கேஸ்கெட், ஸ்கூட்டரின் பாட்டரி வயரைத் தூக்கிக் காட்டி. "யாருன்னு கேளு. சாட்சாத் நம்ம லைப்ரரி சார்தான்."

பக்கத்தில் நின்ற ஸ்பேனருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. இருவரும் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு மாணவிகள்; ஸ்பேனர், கேஸ்கெட் என்பதெல்லாம் பட்டப்பெயர்கள். ஊழியர்களின் வண்டி எதுவானாலும் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் மாணவர்களே பழுது பார்ப்பார்கள். நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞரின் பழைய ஸ்கூட்டர் வெள்ளிக்கிழமை தவறாமல் படுத்துக்கொள்ளும், ஸ்பேனர்தான் எழுப்பி அனுப்புவாள்.

எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைப்பது கேஸ்கெட். இந்தக் கேஸ்கெட்டிடம் சொன்ன ரகசியமோ சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கக் கசிந்துவிடும். அதனாலேயே வகுப்பு அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தது.

"நீயே யோசிச்சுப் பாரு. இக்னிஷன் பாடம் நடத்தின வாரம் அவர் வண்டியில பிளக் வயர் கழன்டுச்சு. அடுத்த பாடம் பெட்ரோல், அப்ப பெட்ரோல் டியூப் கழன்டுச்சு. கிளச் பாடத்தப்ப கிளச் கேபிள். இந்த வாரம் பாட்டரி."

"அதனால?"

"அதனால என்ன, புத்தகமெல்லாம் யார்கிட்ட இருக்கு? நம்ம பாடத்தைப் படிச்சுப் பார்த்துக் கழட்டுறாரு மனுஷன். நீ திணறக் கூடாதாம். எவ்வளவு அக்கறை பாரு."

ஸ்பேனர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. எண்ணெய்க் கையோடு அவள் ஒரு புத்தகத்தைக் கறையாக்கியபோது, திட்டாமல் அதற்குப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுக் கொடுத்தாரே, அன்றிலிருந்து. வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

"இன்னிக்கு வாயைத் திறந்து சொல்லிடுவாரு, வேணா பாரு" என்று கிசுகிசுத்துவிட்டு, டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள் கேஸ்கெட்.

வண்டியைத் தள்ளி வந்த களைப்பில் முகம் கழுவப் போயிருந்த நூலகர் திரும்பி வந்தார். ஸ்பேனர் வயரை மாட்டி முடுக்கி ஒரு உதை விட்டாள். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"உங்களுக்கு நல்ல கைராசிங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

டயர் அடுக்கு லேசாக ஆடியது.

"சும்மா சொல்லுங்க சார்."

"இந்த வண்டியை விக்கப் போறேன்."

"ஏன் சார்? நல்ல வண்டிதானே?"

"நல்ல வண்டிதான். ரோட்டுல குதிரை மாதிரி வருது. காலேஜுக்குள்ள நிறுத்தினாத்தான் மக்கர் பண்ணுது. வாங்குறவர் காலேஜ் கேட் வாசல்ல நிக்கிறாரு. திங்கள்கிழமையிலேருந்து எனக்கு பஸ்தான். இனிமே உங்களை வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொந்தரவு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமையும் மற்ற கிழமைகளைப் போலத்தான்.

கேஸ்கெட்டால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. டயர்களைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்ன சார் இது, நீங்களே கழட்டிட்டு நீங்களே விக்கிறீங்க?"

"நான் கழட்டினேனா?" நூலகர் விழித்தார். "எனக்கு இதுல பெட்ரோல் மூடியைத் தவிர வேற எதையும் திறக்கத் தெரியாதேம்மா."

கேஸ்கெட்டுக்கு வாயடைத்துப் போனது. அவளுக்கு அப்படி ஆனதை வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. நூலகர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறி கேட்டைப் பார்த்துத் திருப்பினார்.

ஸ்பேனர் ஓடிப்போய்ப் பின்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விக்காதீங்க சார், இனிமே நான் கழட்ட மாட்டேன்."