போட்டிக்கு முதல் நாள்

"நாளைக்குப் போட்டி. இண்டைக்கு ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. தசை ஆறினாத்தான் பாரம் எழும்பும்" என்று பயிற்றுநர் கனகரத்தினம் பூரணியிடம் படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார்.

தன் ஊரான சல்லிக்குச் சைக்கிளில் திரும்பியவளைச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் சிப்பாய் மறித்து, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"கை காய்ச்சிருக்கு. எங்க ட்ரெயினிங்? காட்டிலயா?"

"இல்லை மிஸ், நான் பாரம் தூக்கிறனான். நாளைக்கு டவுனில போட்டி."

"எந்தப் பிரிவு?"

"ஐம்பத்தெட்டுக் கிலோ."

"பொய். அந்த மண் மூட்டையைத் தூக்கிக் காட்டு."

பூரணி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"இன்னொருக்கா."

மறுத்தால் என்ன நடக்குமென்று ஊருக்கே தெரியும். தோள் தீயாய் எரிய எரியத் திரும்பத் திரும்பத் தூக்கினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அடையாள அட்டை திரும்பக் கிடைத்தது.

"சந்தேகம் பிடிச்ச சனியன்!" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை, ஐம்பத்தெட்டுக் கிலோப் பிரிவுக்கு நிறை பார்க்கும் தராசடியில் இன்னொருத்தியும் நின்றாள். சீருடை இல்லாததால் பூரணிக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை.

"தோள் நோகுதா?" என்று சிரித்தபடி அவள் கை நீட்டினாள்.

அந்த உள்ளங்கையும் காய்த்துப் போயிருந்தது.