தூக்கத்துக்குச் சாட்சி

கார்த்தகேனாவில் இதய ஆபரேஷனுக்கு முந்தைய நாள், எவரிஸ்டோவிடம் டாக்டர் கேட்டார்: "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருமா? அப்படின்னா ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்னி பழுதாகுற ஆபத்து அதிகம்."

"பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். தனியா தூங்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

மகள் யாமிலே, சூப் கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டு ஓபேலியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓபேலியாவுக்குப் பொறுக்கவில்லை. "நிக்கும் டாக்டர்! இருபது எண்ணுற வரைக்கும் நிக்கும். நான் உலுக்கினாத்தான் திரும்ப வரும்!"

எவரிஸ்டோ கூரையைப் பார்த்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பின் மூச்சுக்கருவி வேண்டும் என்று எழுதினார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், யாமிலே வார்டிலிருந்து வெளியே ஓடிவந்தாள். "அப்பாவுக்குச் சிறுநீர் நல்லாப் போகுது! கிட்னிக்கு ஒண்ணுமில்லையாம்!"

ஓபேலியாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றியவள், காதில் சொன்னாள்: "இனிமே வாசல் வழியாவே வாங்க ஆன்ட்டி. நாலு வருஷமா பின்சுவத்துல உங்களுக்கு ஏணி சாத்தி வைக்கிறது நான்தான். கை வலிக்குது!"