பதினேழாவது நிமிடம்

வெளிநாட்டுப் பள்ளியில் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போன கணக்கு வாத்தியார், கடைசி பெஞ்சில் தூங்கிவிட்டார். குறட்டை வேறு.

வகுப்பு முடிந்ததும், அவரோடு பார்வையிட்ட ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து குறைநிறை பேசினார்கள். அவர் முறை வந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க மேடம், நான் தூங்கிட்டேன்.”

பாடம் எடுத்த டீச்சர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்தார்.

“எத்தனையாவது நிமிஷத்துல சார்?”

“பதினேழு இருக்கும்.”

“அப்பதான் நாலு பசங்க எழுதறதை நிறுத்திப் பென்சிலைக் கீழ வெச்சாங்க. தப்பு என் பாடத்துலதான் சார்.”

வாத்தியார் கூனிக் குறுகிப்போனார்.

டீச்சர் மாலை முழுக்க உட்கார்ந்து பாடத்தை மாற்றி எழுதி, மறுநாள் இன்னொரு வகுப்பில் நடத்தினார். பதினேழாவது நிமிடம் வந்ததும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் பிள்ளைகளை விட்டுவிட்டு வாத்தியாரையே பார்த்தார்கள். எந்தப் பென்சில் நின்றது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. வாத்தியார் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களாலதான் சார் என் பாடம் தேறிச்சு.”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். வரும்போது விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை என்பதையும், இன்று காலை ஐந்து கப் காபி உள்ளே போயிருப்பதையும் சொல்ல, இந்த முறை வாய் வரவில்லை.