மழுக்கியது யார்?

"என் பொண்ணோட ஸ்கீயைத் தொட்டது யாரு?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ரஸ்ஸல் கத்தினார். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. பூமியின் தென்பாதியில் இருக்கும் மலையூரான ஜிண்டபைனில் அதுதான் குளிர்காலம்; பனி சீசன் உச்சத்தில் இருந்தது. கடையில் நிற்க இடமில்லை. பூட்ஸ் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

"காலையிலேயே மலை உருகிடும் போலிருக்கே," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரஸ்ஸல் அதைக் காதில் வாங்கவில்லை. பனியில் சறுக்கும் அந்த நீளப் பலகைகள் இரண்டையும் மேஜைமேல் தொப்பென்று போட்டார். கடையின் சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதோ பாரு கீத். ஓரத்துல நகத்தை வச்சு இழுத்தா மாவு மாதிரி சீவிக்கிட்டு வரணும். வருதா? இது வெண்ணெயைக்கூட வெட்டாது!"

கடைக்காரர் கீத் குனிந்து பார்த்தார். கால் நிற்கிற இடத்தில், ஓரத்து இரும்பு வழவழவென்று மழுங்கியிருந்தது.

"மூணு சாயங்காலம் ஷெட்டுல உக்காந்து நான் தீட்டினது. பிரையனியோட பதினாறாவது பிறந்தநாளுக்கு. என் கையால."

அது வெறும் பரிசு இல்லை. ரஸ்ஸல் ஒரு காலத்தில் பந்தய ஸ்கீயில் பெயர் வாங்கியவர். மகளையும் அதில்தான் இறக்கியிருந்தார். அவளோ இரண்டு வருடத்துக்கு முன் பந்தயத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரும்புக் கம்பிமேல் ஏறி வழுக்கி வித்தை காட்டும் 'பார்க்' கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் முகம்கொடுத்துப் பேசவில்லை. பார்க் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. அப்படிப்பட்ட வீம்புக்காரர் தானாக இறங்கிவந்து அவள் ஸ்கீயைத் தீட்டியிருக்கிறார் என்றால், அது மன்னிப்புக் கேட்ட மாதிரிதான்.

பின்கட்டுப் பட்டறையிலிருந்து நெரிடா வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் மெழுகு.

"நான்தாங்க அரம் போட்டேன்."

"ஏன்?"

நெரிடா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். "வேற ஒருத்தரோடதுன்னு நினைச்சுட்டேன். தப்புதான்."

"தப்பாம்ல! ஏம்மா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நாளைக்கு அவளுக்குப் பார்க் போட்டி. பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு. பிடிமானம் இல்லாம எம்பொண்ணு விழுந்து வச்சா நீ வந்து நிப்பியா?"

நெரிடா மேஜைமேல் கிடந்த ஸ்கீயை நேராக எடுத்து வைத்தாள்.

"ரஸ்ஸல், கொஞ்சம் பொறு," என்றார் கீத். "எட்டு சீசனா இங்க இருக்கா. ஒரு ஸ்கீயைக்கூட மாத்திச் செஞ்சதில்ல."

"இப்ப செஞ்சிருக்காளே! இங்க பாரு, நான் தலைவரா இருக்கிற கிளப்போட ஸ்கீ மொத்தமும் உன் கடைக்குத்தான் வருது. ஒண்ணு இந்தம்மா இருக்கணும், இல்ல கிளப் இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்க."

கீத் கையைப் பிசைந்தார். நாலு மாத சீசனை நம்பி வருடம் முழுக்க ஓட்டுகிற கடை.

"நெரிடா... என்னை மன்னிச்சுக்க," என்றார் கடைசியில்.

வேலையோடு கடை மாடியிலிருந்த அறையும் போயிற்று. சீசன் பாதியில் அந்த ஊரில் வேறு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நெரிடா கையைத் துடைத்துக்கொண்டு, பையை எடுக்க மாடிக்குப் போனாள்.

ரஸ்ஸல் வீட்டுக்குப் போன கையோடு அரத்தை எடுத்தார். இந்தத் தடவை சவரக் கத்தி தோற்றது.

"கடையில யாரோ மழுக்கி வச்சிருந்தாங்க கண்ணு. சரி பண்ணிட்டேன்," என்று மகளிடம் நீட்டினார். பிரையனி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், "தேங்க்ஸ்ப்பா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பிரையனிக்குக் காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கம்பியின் நடுவில் ஸ்கீ சட்டென்று நின்றுவிட்டதாம், அவள் மட்டும் பறந்தாளாம்.

"அதெப்படிம்மா விழுந்தே? பிளேடு மாதிரியில்ல தீட்டியிருந்தேன்?"

"அதனாலதான்ப்பா விழுந்தேன்."

"என்ன சொல்றே?"

"பந்தயத்துக்குத்தான் கூர் வேணும். கம்பிமேல ஏறினா கூரான ஓரம் அப்படியே கடிச்சுக்கும். பார்க்ல நாங்க எல்லாருமே மழுக்கித்தான் ஓட்டுவோம். நெரிடாகிட்ட குடுத்து மழுக்கச் சொன்னதே நான்தான்."

ரஸ்ஸலுக்குத் தன் கையாலேயே மகளின் எலும்பை முறித்த மாதிரி இருந்தது.

"காலைல மறுபடியும் அவங்களைத் தேடிக் கடைக்கு ஓடினேன். நீங்க அவங்க வேலையையே பறிச்சுட்டீங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. பஸ் ஏறிப் போயிட்டாங்களாம். கீத் இந்த ஸ்கீயைத் தொடவே மாட்டேன்னுட்டார். 'உங்கப்பன் என்னைக் கொன்னே போட்டுடுவான்'னார்."

ரஸ்ஸல் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

"'உங்க பொண்ணு சொல்லித்தான் செஞ்சேன்'னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வேலை போறப்பகூட வாயைத் திறக்கலையே! சொல்லாதீங்கன்னு நீ கெஞ்சினியா?"

பிரையனி இல்லையென்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அவங்கதான் அந்த ஓரத்தை விரலால தடவிப் பார்த்துட்டு, 'எவ்வளவு ஆசையாத் தீட்டியிருக்கார் உங்கப்பா! நீதான் மழுக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். சொல்லவே சொல்லாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."