சரிபார்த்தவர்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.

ஒன்பது ஆண்டுகளாகப் பதிவிறக்கப் பக்கத்தின் முதல் வரியில் இருந்த அவருடைய பெயரை எடுத்துவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அங்கே 'ஷைனி, மார்த்தாண்டம்' என்றிருந்தது.

கோவில்பட்டியில், தம் வீட்டு மேசைமுன் அமர்ந்து, அவர் அதை நான்காம் முறையாகப் படித்தார். காற்புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் கிடைப்பது, தன்னார்வலர் குழு ஒன்று நடத்தும் இலவச அகராதி மென்பொருள். இணையம் இல்லாமலும் கணினியில் இயங்கும். அதன் மூலநிரல் பொதுவில் கிடக்கிறது, எவரும் எடுக்கலாம். எடுத்து என்ன செய்வது? அரிசியும் உளுந்தும் இலவசமாகக் கிடைத்தாலும், காலையில் இட்லி கேட்பவருக்கு அரைத்த மாவு வேண்டும். நிரலைத் தொகுத்து, இருமுறை சொடுக்கினால் கணினியில் ஏறிக்கொள்ளும் ஒரே கோப்பாக்கித் தர ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் அவர்.

போன ஞாயிறுவரை.

அவருடைய கோப்பு புதிய கணினிகளில் முரண்டு பிடிக்கிறதாம். அவளுடையது கேட்டவுடன் ஏறுகிறதாம். 'அருமை, சகோதரி!' என்று ஒரே வாரத்தில் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அவருக்கு ஒன்பது ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் புகார்கள்.

அவள் கோப்பு அளவில் அவருடையதில் பாதிகூட இல்லை.

எதையோ விட்டிருக்கிறாள். அல்லது எதையோ ஒளித்திருக்கிறாள்.

ஒளித்திருந்தால் பெரிதாகத்தானே இருக்கும் என்றது அறிவு. அதை அவர் பேசவிடவில்லை.

பக்கத்தின் அடியில், அவளே கேட்டு வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று இருந்தது. தான் தொகுத்த முறையை அவள் படிப்படியாக எழுதி வெளியிட்டிருந்தாள். வேறொருவர் அதே முறையில், தம் கணினியில், தனியாகத் தொகுக்கவேண்டும். இரண்டு கோப்புகளின் கைரேகையும் ஒன்றானால், நடுவில் எவரும் எதையும் நுழைக்கவில்லை என்று பொருள். கோப்பிலிருந்து கணினியே கணக்கிட்டுத் தரும், எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு குறிகள் கொண்ட கைரேகை.

'சரிபார்த்தவர்' என்னும் இடம் காலியாக இருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் அது நிரம்பாவிட்டால் அவள் கோப்பை எடுத்துவிடுவார்கள். பழையது முதல் வரிக்குத் திரும்பும்.

பழையது என்றால் அவருடையது.

அவளிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது.

"சார், குழுவுல வேற ஆருக்கும் இது தெரியாது. நீங்க ஒருக்கா செய்து பாத்தாத்தான் எனக்குச் சமாதானம். தப்பு இருந்தா தயங்காம சொல்லணும், கேட்டியளா?"

தயக்கமா? அவருக்கா?

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் தொடங்கினார். முப்பத்தொரு படிகள். பதினான்காம் படியில் தவறு இருக்கும் என்று நினைத்தார். இல்லை. இருபத்திரண்டில் நிச்சயம் இருக்கும் என்று நினைத்தார். அங்கே, ஒன்பது ஆண்டுகளாக அவர் சேர்த்துவந்த துணைநிரல்களின் பெரும்பொதி ஒன்றை அவள் சேர்க்கவே இல்லை. ஏன் தேவையில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தாள்.

அந்த வரி சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாலைக் காப்பியைக் கொண்டுவந்து வைத்த மனைவி செண்பகவல்லி, திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ரிட்டையர் ஆகிப் பத்து வருசம் ஆச்சு. இன்னும் பேப்பர் திருத்துத மூஞ்சி போகலையே. அந்தப் பிள்ள பாசா, பெயிலா?"

"இன்னும் முடியல."

"பெயிலாக்கணும்னு முடிவு பண்ணியாச்சு. தப்பத்தான் தேடுதீக."

நான்கே முக்காலுக்குத் தொகுப்பு முடிந்தது.

தம் கோப்பின் கைரேகையை எடுத்தார். அவளுடையதை அதன்கீழ் வைத்தார். விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார்.

முதல் பத்தும் ஒன்றே.

கோப்புக்குள் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனவே, முடிவு முதல் பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் நிறுத்தவில்லை.

முப்பது. நாற்பது. அறுபது.

கடைசி நான்கைப் பார்க்குமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றே.

மார்த்தாண்டத்தில் அவள் ஆக்கிய அதே கோப்பை, ஒரு புள்ளியும் பிசகாமல், கோவில்பட்டியில் அவரே ஆக்கியிருந்தார்.

அவருடைய பழைய கோப்பை இதுவரை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, தம் முறையை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள், அதைப் பெருமை என்று எண்ணியிருந்தார்.

இவள், நம்பாதீர்கள், செய்து பாருங்கள் என்கிறாள்.

சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒரு மணி நேரம். சும்மா இருப்பது பொய் ஆகாது.

காப்பி ஆடை கட்டியது.

ஐந்தரை.

ஐந்து ஐம்பது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அந்தக் காலியிடத்தில் தம் பெயரைத் தட்டினார். தலைப்பெழுத்தோடு, பட்டங்களோடு, ஊரோடு. இடம் போதாது என்று பெட்டி மறுத்தது. ஊரை எடுத்தார். மறுத்தது. பட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

பெயர் மட்டும் நின்றது.

ஆறு மணிக்கு அவள் கோப்பு உறுதியாயிற்று. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குப் பதினெட்டாவது ஆள் எழுதினார்: 'அருமை, சகோதரி!'

நீங்களும் அதை இறக்கிக்கொள்ளத்தான் போகிறீர்கள். இறக்குங்கள், நல்ல கோப்பு. ஆனால், பொத்தானை அழுத்துமுன் சற்றே கீழே பாருங்கள். சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில், இரண்டாவதாக ஒரு பெயர் இருக்கிறது.

அதையும் படியுங்கள்.

வாய்விட்டுப் படியுங்கள்.